தொய்வும் புகையும்

அளவெட்டி என்றதும் தமிழ் கேட்டோர் பலருக்கும் நினைவில் எழுவது நாதசுரமும் தவிலுமேயாகும். என். கே. பத்மநாதனின் குழலோசையும் தெட்சணாமூர்த்தியின் தவிலோசையும் இச்சிற்றூரின் பெயரைக் கடல் கடந்தும் கொண்டு சென்றன. எழுத்துலகிலும் இவ்வூருக்குக் குறைவில்லை. மஹாகவி உருத்திரமூர்த்தி பிறந்த ஊர் இது. முற்போக்கு இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான அ. ந. கந்தசாமி பிறந்த ஊரும் இதுவே. நாதசுரம் மூச்சினால் ஆன கலை. நெஞ்சுக்குள் காற்றை நிறைத்து, அடக்கி, அளந்து விடத் தெரிந்தவனே அக்கருவியை ஆள முடியும். அத்தகைய ஊரில், மார்கழிப் பனி இறங்கும் விடியற்காலையில், படுக்க முடியாமல் எழுந்து குந்தியிருந்து, தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கைகளை ஊன்றி, ஒரு முழு மூச்சுக்காகத் தவித்துக் கொண்டிருக்கும் பிள்ளைகளும் முதியோரும் உளர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

அந்நோய்க்கு எம்மூரார் வைத்த பெயர் தொய்வு. முட்டு என்போரும் உண்டு. இழுப்பு என்போரும் உண்டு. ஏட்டு வைத்தியர்கள் இரைப்பு, சுவாசகாசம் என்றனர். ஆங்கில வைத்தியம் ஆஸ்துமா என்கிறது. பெயர் பலவாயினும் துன்பம் ஒன்றே. அதற்குக் காரணம் கேட்டால் எம்மவரிடம் மூன்று விடைகள் ஆயத்தமாக இருக்கும். பரம்பரை என்பது ஒன்று. பனியும் குளிரும் என்பது இரண்டு. தலைவிதி என்பது மூன்றாவது. முதலிரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இம்மூன்று விடைகளுக்கும் பொதுவான ஒரு தன்மையையும் நாம் கவனிக்க வேண்டும். மூன்றிலும் மனிதர் எவரும் பொறுப்பாளியல்லர். இரத்தத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. பனியையும் ஏற்ற முடியாது. விதியையோ கேட்கவே வேண்டாம். நான்காவதாகவும் ஒரு காரணம் உண்டு. அது புகை; கண்ணுக்குப் புலப்படாத நுண்துகளைச் சுமந்து வரும் புகை. அதனை மூட்டுவோர் மனிதர். அதனால் இலாபம் காண்போரும் மனிதர். அதனைச் சுவாசித்து வருந்துவோரும் மனிதரே. ஆகவேதான் தொய்வு நோயின் கதை வைத்தியர்களுக்கு மட்டும் உரிய கதையன்று. அது சமூக வரலாற்றின் ஒரு பகுதியுமாகும்.

நோயை அறிந்த வரலாறு

மூச்சுறுப்புக்களைப் பற்றி விஞ்ஞான முறையில் தமிழிற் பேசுவது எமக்குப் புதியதன்று. அளவெட்டிக்குத் தெற்கே, சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயில், சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், உடற்கூறு, இரணவைத்தியம், இரசாயனம் முதலான துறைகளில் தமிழ் நூல்களை ஆக்கியும் ஆக்குவித்தும், அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். அதற்கும் முன்பே யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் போன்ற வைத்திய நூல்கள் எம்மிடம் இருந்தன. ஆகவே, இன்று நாம் சொல்லப்போகும் செய்திகளை அந்நியமானவை என்று எவரும் ஒதுக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் இந்நோயைக் கூர்ந்து நோக்கி எழுதியவர்களுட் சிலர் தாமே நோயாளராய் இருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1698இல் ஆஸ்துமாவைப் பற்றித் தனி நூல் எழுதிய ஜோன் புளோயரும், 1860இல் எழுதிய ஹென்றி ஹைட் சால்ற்றரும் தம் நெஞ்சின் இரைப்பையே ஆராய்ச்சிப் பொருளாக்கியவர்கள். 1873இல் சாள்ஸ் பிளாக்லி என்னும் ஆங்கில வைத்தியர், புல்லின் மகரந்தத்தைத் தம் உடலிலேயே சோதித்து, அதுவே தமது தும்மலுக்கும் இரைப்புக்கும் காரணம் என நிறுவினார். 1906இல் கிளெமென்ஸ் பொன் பிர்க்கே என்னும் வியன்னா வைத்தியர் 'அலர்ஜி' என்ற சொல்லைப் படைத்தார். நாம் ஒவ்வாமை என்கிறோம். பிறருக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளை, சிலரது உடல் மட்டும் பகைவனென எண்ணிப் போர் தொடுப்பதே ஒவ்வாமை.

அப்போரை நடத்தும் பொருள் எது? 1921இல் ஜேர்மனியில் பிரவுஸ்னிற்ஸ், கியூஸ்ற்னர் என்னும் இருவர், ஒருவரது இரத்தத்தின் தெளிநீரை மற்றவரது தோலில் ஏற்றி, ஒவ்வாமை இரத்தத்தின் வழியே கடத்தப்படக்கூடியது எனக் காட்டினர். அப்பொருளைப் பிரித்தறிய மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1966இல் அமெரிக்காவில் பணியாற்றிய இஷிசாகா தம்பதியரும், 1967இல் சுவீடன் நாட்டு ஆய்வாளரும் அதனைத் தனித்தனியே கண்டனர். 1968இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு இம்யூனோகுளோபுலின் ஈ என்று பெயரிட்டது. தொய்வை வெறும் நரம்புத் தளர்ச்சி என்றும் மனப்பலவீனம் என்றும் ஏளனமாய்ப் பேசிய காலம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். எம்மூரில் அது இன்னும் முடியவில்லை. 'செல்லப் பிள்ளை, நடிக்கிறான்' என்ற சொல்லை நாம் பாடசாலைகளிலேயே கேட்கிறோம்.

புகையை அறிந்த வரலாறு

ஒவ்வாமையின் வரலாறு ஒரு பக்கமாகவும் புகையின் வரலாறு மறுபக்கமாகவும் நெடுங்காலம் ஒன்றையொன்று சந்தியாமலே சென்றன. இலண்டன் மாநகரின் நிலக்கரிப் புகையைக் கண்டித்து ஜோன் ஈவ்லின் என்பவர் 1661இலேயே நூல் எழுதி அரசனிடம் கொடுத்தார். அரசன் மகிழ்ந்தான், புகை குறையவில்லை. அதன்பின் கைத்தொழிற் புரட்சி வந்தது. புகைபோக்கியின் உயரமே நாட்டின் செல்வத்துக்கு அளவுகோலாயிற்று.

1952 டிசெம்பர் 5ஆம் திகதி இலண்டனில் குளிர்ந்த காற்று அசைவற்று நின்றது. வீட்டடுப்புகளிலும் மின்னிலையங்களிலும் எரிந்த நிலக்கரியின் புகை மேலெழ முடியாமல் நகரின்மீதே ஐந்து நாட்கள் கவிந்து கிடந்தது. ஏறத்தாழ 4000 பேர் மாண்டனர் என அன்று கணித்தனர். பிற்கால ஆய்வாளர் அத்தொகையைப் 12,000 வரை உயர்த்தினர். அடுத்து வந்த மாதங்களின் மரணங்களுக்குச் சளிச்சுரத்தையே ஆட்சியாளர் காரணம் காட்டினர் என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. மக்கள் குரலும் பத்திரிகைகளின் குரலும் ஓங்கிய பின்னரே 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது.

ஜப்பானின் யொக்கைச்சி நகரக் கதை எமக்கு இன்னும் நெருக்கமானது. 1950களின் பிற்பகுதியில் அங்கே எண்ணெய் இரசாயனத் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றின் அருகில் வாழ்ந்த மீனவருக்கும் தொழிலாளருக்கும் மூச்சிரைப்புக் கண்டது. 'யொக்கைச்சி ஆஸ்துமா' என்று அந்நோய் ஊரின் பெயரையே பெற்றது. 1967இல் ஒன்பது நோயாளர், ஆறு பெருங் கம்பனிகளின்மேல் வழக்குத் தொடுத்தனர். எந்தக் கம்பனியின் புகை எவருடைய நெஞ்சுக்குள் சென்றது என்று பிரித்துக் காட்டுங்கள் எனக் கேட்பது முதலாளிகளின் வழக்கமான வாதம். 1972 ஜூலையில் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்து, ஆறு கம்பனிகளும் கூட்டாகப் பொறுப்பு என்று தீர்த்தது. அடுத்த ஆண்டே மாசினால் நோயுற்றோருக்கு இழப்பீடு வழங்கும் சட்டம் அந்நாட்டில் வந்தது. ஒன்பது எளிய மனிதரின் இரைப்பு ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றியது.

நுண்துகள் செய்யும் வேலை

புகையில் இருப்பன பல. கந்தக வாயு, நைதரசன் வாயு, காபன் கரி எனப் பலவும் அதிற் கலந்துள. இவற்றுள் நாம் இங்கே கவனிப்பது நுண்துகளை. ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். எமது தலைமயிர் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரோன் தடிப்புடையது. இரண்டரை மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான துகளையே விஞ்ஞானிகள் நுண்துகள் என்கின்றனர். செம்மண் வீதியில் லொறி போகையில் எழும் புழுதியின் பெரும்பகுதி இதனினும் பருமனானது. மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் அதைத் தடுத்துவிடும். எரிந்த பொருளிலிருந்து பிறக்கும் நுண்துகளோ இக்காவல்களைக் கடந்து, சுவாசப்பையின் கடைசிக் காற்றறை வரைக்கும் சென்று படிகிறது. கண்ணிற் படுகின்ற புழுதிக்கு நாம் முகத்தை மூடுகிறோம். கண்ணிற் படாததற்கு நெஞ்சைத் திறந்து வைக்கிறோம்.

அங்கே அது என்ன செய்கிறது? டீசல் புகையின் துகள் ஒரு கரித்துணிக்கை. அதன்மேல் பலவகை இரசாயனப் பொருள்கள் ஒட்டியிருக்கும். அவை மூச்சுக்குழாயின் உட்சுவரை அரித்து அழற்சியை உண்டாக்குகின்றன. காயமுற்ற சுவரின் கலங்கள் அபாய அறிவிப்பை அனுப்புகின்றன. அவ்வறிவிப்பைக் கேட்ட காவற் கலங்கள், அந்நேரம் மூச்சோடு உள்ளே வந்த மகரந்தத்தையோ, படுக்கையின் தூசிச் சிற்றுண்ணியையோ, பூஞ்சணத்தின் வித்தையோ பகைவனென்று பிடித்து அடையாளமிடுகின்றன. அதன் பயனாக முன்னர் சொன்ன இம்யூனோகுளோபுலின் ஈ மேலும் மேலும் சுரக்கிறது. அடுத்த முறை அதே மகரந்தம் வரும்போது மாஸ்ற் கலங்கள் வெடித்து ஹிஸ்ற்றமினைக் கொட்டுகின்றன; குழாயின் தசை இறுகுகிறது; உட்சுவர் வீங்குகிறது; சளி அடைக்கிறது. அதுவே தொய்வு.

துகள் இருவகையில் தீங்கு செய்கிறது. முன்பே நோயுள்ளவனின் நோயைக் கிளறிவிடுவது ஒன்று. ஒவ்வாமைக்கு உடலைப் பழக்கிவிடுவது மற்றொன்று. 1986இல் ஜப்பானிய ஆய்வாளர், டீசல் துகளோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட புரதத்துக்கு எலிகளின் உடல் மிகுதியான ஒவ்வாமை காட்டியதை வெளியிட்டனர். 1990களில் லொஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வாளர், ராக்வீட் என்னும் களையின் மகரந்தச் சத்தை ஒவ்வாமை உள்ள மனிதரின் மூக்கினுள் தனித்தும், டீசல் துகளோடு சேர்த்தும் செலுத்திப் பார்த்தனர். சேர்த்துச் செலுத்தியபோது ஒவ்வாமைப் பொருள் பன்மடங்காய்ப் பெருகிற்று. 2007இல் வெளியான இலண்டன் ஆய்வொன்றில், தொய்வு நோயுள்ள 60 பேர் டீசல் பஸ்களும் வாடகைக் கார்களும் ஓடும் ஒக்ஸ்போர்ட் வீதியில் இரண்டு மணி நேரமும், பிறிதொரு நாள் ஹைட் பூங்காவில் இரண்டு மணி நேரமும் நடந்தனர். பூங்காவில் நடந்தபோது கண்டதிலும் வீதியில் நடந்தபோது அவர்களது மூச்சின் ஆற்றல் கூடுதலாகக் குறைந்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்கே இதுவென்றால், வீதியோரத்திலேயே பிறந்து வளர்ந்து வாழ்வோரின் நிலை என்ன?

அவ்வினாவுக்கு விடையாக ஒரு சிறுமியின் பெயர் சரித்திரத்தில் இடம் பெற்றுவிட்டது. இலண்டனில் நெருக்கமான வீதியொன்றின் அருகே வாழ்ந்த எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா கடுந் தொய்வினால் 2013 பெப்ரவரியில், தன் 9ஆம் வயதில், மாண்டாள். அவளுடைய தாய் ஓயாது போராடினார். 2020 டிசெம்பரில் மரண விசாரணை அதிகாரி, மாசுற்ற காற்றும் அவளது மரணத்துக்குக் காரணமாயிற்று என்று தீர்ப்பெழுதினார்.

எல்லாத் தொய்வும் புகையினால் வருவதன்று. இதை நாம் மறைக்கவில்லை. பரம்பரையும் உண்டு, தடிமனைத் தரும் வைரசும் உண்டு, குளிரும் உண்டு. ஆயினும் பரம்பரையை மாற்ற முடியாது. பனியை நிறுத்த முடியாது. புகையை நிறுத்த முடியும். மாற்றக்கூடியதை மாற்றாமல் மாற்ற முடியாததைப் பேசிக்கொண்டிருப்பது அறிவுடையோர் செயலாகாது.

எம் மண்ணில் புகை

இனி எம் ஊருக்கு வருவோம். எம்மவர் அறிந்த முதற் புகை குசினிப் புகை. மூன்று கல் அடுப்பில் பனங்கங்கும் பொச்சு மட்டையும் ஊமலும் எரிய, புகைபோக்கியில்லாத ஓலைக் குசினியில் எம் தாய்மார் வாழ்நாளிற் பாதியைக் கழித்தனர். அவர்தம் முந்தானையைப் பிடித்தபடி குழந்தைகளும் அப்புகையிலே தவழ்ந்தனர். வீட்டுத் தலைவன் திண்ணையிற் காற்று வாங்கினான். வீட்டுத் தலைவி உள்ளே புகை வாங்கினாள். மலையகத் தோட்டங்களின் லயன் அறைகளில், உறங்கும் இடத்துக்கு அருகிலேயே விறகடுப்பு எரிந்தது. புகையிலைக் குடிலில் புகையூட்டியவரும், சுண்ணாம்புச் சூளையை எரித்தவரும், அரிசி ஆலையில் உமித்தூசியிடையே நின்றவரும் யார்? நிலமற்றவரும், சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டவருமே. புகைக்குச் சாதியில்லை, ஆனால் புகைக்கு நடுவே நிறுத்தப்படுபவன் யார் என்பதைச் சாதியும் வர்க்கமும் தீர்மானித்தன.

1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராய் இருந்த காலம் அது. அவ்விடத்துச் சுண்ணாம்புக் கல்லையும் முருங்கனிலிருந்து புகைவண்டியில் வந்த களிமண்ணையும் சூளையிற் சுட்டுச் சீமெந்தாக்கினர். வடபகுதியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறிட்டது; தொழிற்சங்க உணர்வையும் ஊட்டியது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் சூளையின் புகையும் சீமெந்தின் தூசியும் கூலிப் பட்டியலில் எழுதப்படாத ஊதியமாகத் தொழிலாளியின் நெஞ்சை அடைந்தன. பருமனான தூசி ஆலையின் அருகிலேயே கூரைகளிலும் இலைகளிலும் படியும். நுண்துகளோ காற்று எங்கே போகிறதோ அங்கே போகும். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வீசும்போது, தென்மேற்கே கிடக்கும் ஊர்கள் அக்காற்றின் வழியில் அமைந்தவை. அளவெட்டியும் அவற்றுள் ஒன்று. அக்காலத்தில் இரண்டரை மைக்ரோன் துகளுக்கென்று உலகில் எங்கும் சட்ட அளவு இருந்ததில்லை. அமெரிக்காவே 1997இல்தான் அதற்கு வரம்பு வகுத்தது. அளக்கப்படாத தீங்கு, இல்லாத தீங்காகவே எண்ணப்பட்டது. போரின் காரணமாக 1990இல் ஆலை நின்றது.

போர் ஆலையின் புகையை நிறுத்தி வேறு புகையைத் தந்தது. 1990இன் பின் பொருளாதாரத் தடை வந்தது; மின்சாரம் போயிற்று; பெற்றோல் மருந்தைப் போல அரிதாயிற்று. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கின் முன் ஒரு தலைமுறை மாணவர் குனிந்திருந்து படித்தனர். சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார்ச் சைக்கிள்களும் வான்களும் வீதியெங்கும் புகை கக்கிச் சென்றன. குண்டுக்கு அஞ்சிப் பதுங்கு குழியின் ஈரத்திலும் பூஞ்சணத்திலும் இருந்தவருக்கு மூச்சைப் பற்றி எண்ண நேரமேது? 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, மழையில் நனைந்தபடி இரைத்து இரைத்து நடந்தவர்களையும் அக்கூட்டம் சுமந்து சென்றது. போரின் இழப்புக் கணக்கில் மூச்சின் இழப்பை எவரும் எழுதி வைக்கவில்லை.

போரோடு வந்ததாகப் பலரும் கருதும் இன்னொரு பகையும் உண்டு. பார்த்தீனியம் என்னும் வெண்பூக் களை, 1987இல் வந்த இந்திய அமைதிப் படையினரின் ஆடுகளோடும் தீவனத்தோடும் வட இலங்கைக்கு வந்தது என்பது பரவலான கருத்து. இன்று வெற்றுக் காணிகளிலும் வீதியோரங்களிலும் தோட்டங்களிலும் அது தழைக்கிறது. அதன் மகரந்தம் தும்மலையும் தொய்வையும் தூண்டவல்லது. முன்னர் நாம் சொன்ன லொஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வில் பயன்பட்ட ராக்வீட்டுக்கும் பார்த்தீனியத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மகரந்தம் ஒரு பக்கம், டீசல் துகள் மறுபக்கம் என ஆய்வுக்கூடத்தில் தெரிந்தெடுத்துச் சேர்த்த இரண்டும், எம் பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லும் வீதியில் தாமாகவே சேர்ந்துவிட்டன.

கிணறு சொன்னதும் காற்று சொல்லாததும்

அளவெட்டிக்கு அயலூரான சுன்னாகத்தில் நடந்ததை வாசகர் அறிவர். அங்கே மின்னிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்தது. கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தது, வாளியில் ஒட்டியது, நாற்றம் வீசிற்று. 2014, 2015ஆம் ஆண்டுகளில் மக்கள் வீதிக்கு இறங்கினர். மாணவரும் வைத்தியரும் அவர்களோடு நின்றனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்பிரல் 4ஆம் திகதி அந்நீதிமன்றம், நொதேர்ன் பவர் கம்பனி பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்த்தது. மாசு செய்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற நீதியை எம் மண்ணின் கிணறுகள் பெற்றுத் தந்தன.

கிணற்றுக்குக் கிடைத்த நீதி காற்றுக்கு ஏன் கிடைக்கவில்லை? எண்ணெய் மிதந்தது கண்ணுக்குத் தெரிந்தது. கிணறு ஒவ்வொருவருக்கும் சொந்தமாய் இருந்தது. காற்றோ எவர் வளவுக்குள்ளும் நிற்பதில்லை. அதில் மிதப்பது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. டீசலை எரித்த அதே யுகத்தின் கழிவு, கீழே இறங்கியபோது வழக்காயிற்று. மேலே எழுந்தபோது வழக்கமாயிற்று. எல்லோருக்கும் பொதுவானது எவருடைய கவலையும் இல்லை என்று கருதும் சொத்துடைமை மனப்பான்மையே இதன் வேர்.

ஒரேயொரு முறை காற்றும் கண்ணுக்குத் தெரிந்தது. 2022 டிசெம்பரில், 'மாண்டஸ்' புயல் வங்கக்கடலில் இருந்த நாட்களில், யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை வானம் மங்கிக் கிடந்தது. இந்தியப் பெருநிலத்தின் மாசைக் காற்று சுமந்து வந்தது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விளக்கிற்று. டிசெம்பர் 9ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. எல்லைக் காவலும் கடற்படையும் காற்றை மறிக்கவில்லை. தூரத்து மாசுக்குப் பிள்ளைகளை வீட்டில் இருத்திய நாம், அன்றே எம் வளவின் மூலையில் குப்பையோடு பொலித்தீனையும் சேர்த்து எரித்தோமா இல்லையா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதே ஆண்டில் எரிவாயு சிலிண்டருக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும், விறகடுப்பு மீண்டும் மூண்டதையும், மருந்துத் தட்டுப்பாடு வைத்தியசாலைகளை வாட்டியதையும் எவரே மறப்பர்? நாட்டின் கடனை மேல்மட்டத்தார் வாங்கினர். அதன் புகையை அடுப்படியில் நின்ற பெண்கள் குடித்தனர்.

சட்டம் எம் நாட்டில் இல்லாமலில்லை. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் 2008இல் நுண்துகளுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. ஒரு கன மீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரி 25 மைக்ரோகிராம், ஒரு நாட் சராசரி 50 மைக்ரோகிராம் என்பது அவ்வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவோ முறையே 5 உம் 15 உம் ஆகும். எமது சட்டம் அனுமதிக்கும் ஆண்டு மாசு, உலகம் தகுமெனக் கொள்வதிலும் ஐந்து மடங்கு. அளவுகோலே வளைந்திருக்கையில் அளந்து பார்ப்பதனால் மட்டும் என்ன பயன்? ஆயினும் அளவாவது வேண்டும். அளந்தாற்றான் கேட்கலாம், கேட்டாற்றான் கிடைக்கும்.

நாம் செய்யத்தக்கவை

ஆசிரியர்களும் மாணவர்களுமே இவ்விதழின் வாசகருட் பெரும்பாலோர் ஆதலின் அவர்களுக்கு எம்மாலான சிலவற்றைச் சொல்ல விழைகிறோம். வகுப்பு வரவு இடாப்பு வெறும் பெயர்ப் பட்டியலன்று. அது ஊரின் மூச்சுக் கணக்குமாகும். மார்கழி, தை மாதங்களில் இரைப்பினால் வராத பிள்ளைகள் எத்தனை பேர், அவர் வீட்டில் எரிவது எது, அவர் வசிப்பது எவ்வீதியில் என்று குறித்து வைக்கும் ஆசிரியர் பெரும் ஆராய்ச்சியொன்றின் முதற்படியை இட்டவராவார். விஞ்ஞான மாணவர் சிறு அளவுகருவி கொண்டு பாடசாலை வாயிலிலும் சந்தியிலும் குசினியிலும் காற்றை அளக்கலாம். அளந்ததை ஊருக்குச் சொல்லலாம். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னரே, கையுறையணிந்து, வேரோடு பிடுங்கலாம். குப்பையை எரிக்காமல் அகற்றும் ஒழுங்கைப் பிரதேச சபையிடம் கேட்கலாம். கேட்டுப் பெறவும் வேண்டும்.

உள்ளிழுக்கும் மருந்தை எடுத்தால் பிள்ளை அதற்கு அடிமையாகிவிடும் என்ற அச்சம் எம்மவரிடையே இன்னும் உண்டு. பெண் பிள்ளையாயின் நாளைக்குக் கலியாணம் பேச வருவோர் அறிந்துவிடுவர் என்று மறைப்போரும் உண்டு. வைத்தியர் சொன்னபடி நாள்தோறும் எடுக்கும் தடுப்பு மருந்து நுரையீரலின் அழற்சியைத் தணிக்கிறது, உயிரைக் காக்கிறது. அதை ஒளித்துவைப்பது வெட்கத்தின் பெயரால் பிள்ளையின் மூச்சைப் பிடித்து வைப்பதாகும்.

இவை யாவும் தனிமனிதரும் ஊரும் செய்யக்கூடியவை. இவற்றோடு பணி முடிந்துவிடாது. புகைபோக்கியுள்ள அடுப்பும் மலிவான எரிவாயுவும் ஏழையின் குசினியை எட்ட வேண்டும். டீசலைக் குறைத்துச் சூரியனையும் காற்றையும் மின்னாக்க வேண்டும். வெயிலும் காற்றும் எம் குடாநாட்டில் பஞ்சமில்லாதவை. பஸ்களும் லொறிகளும் கக்கும் புகைக்குச் சட்டம் உண்டு. அச்சட்டம் கையூட்டின் முன் கண்மூடாதிருக்க வேண்டும். குடாநாட்டின் காற்றை நாள்தோறும் அளந்து, தமிழில், எவரும் அறிய வெளியிட வேண்டும். புதிய ஆலையோ மின்னிலையமோ வருகையில், அதன் புகை எந்தத் திசைக்குப் போகும், அத்திசையில் வாழ்வோர் யார் என்ற கேள்வி முதலில் எழ வேண்டும். வேலையா, மூச்சா என்று தொழிலாளியைத் தெரிவுசெய்யச் சொல்வது அநீதி. இரண்டும் அவனது உரிமை.

இலண்டன் மக்கள் கேட்டனர், சட்டம் வந்தது. யொக்கைச்சியின் ஒன்பது பேர் கேட்டனர். கம்பனிகள் தலை குனிந்தன. சுன்னாகத்து மக்கள் கேட்டனர். கிணற்றுக்கு நீதி கிடைத்தது. புகையின் வரலாறு எங்கும் ஒன்றையே சொல்கிறது: காற்று தானாகத் தூய்மையாவதில்லை, அதனைச் சுவாசிப்போர் ஒன்றுபட்டுக் கேட்கும்போதே தூய்மையாகிறது. கும்பழாவளைப் பிள்ளையார் கோயில் வீதியில் அடுத்த திருவிழாவிலும் நாதசுரம் ஒலிக்கும். அதைக் கேட்கவரும் பிள்ளைகள் யாவரும் முழு மூச்சோடு நின்று கேட்க வேண்டும். அளவெட்டியிலே தொடங்கி அதற்கான கணக்கை எழுதுவோம்.